அவளுடைய மதம் யாருக்குச் சொந்தம்?

"மதச் சுதந்திரம் பறிக்கப்படும்போது ஆண், பெண் இருவரும்தானே அடிபடுகிறார்கள்? பெண்களைத் தனியாக எடுத்துப் பேச என்ன இருக்கிறது? அவர்களைக் கட்டிப்போடுவதே மதம் எனும்போது, மதச் சுதந்திரத்தால் அவர்களுக்கு என்ன நன்மை? இதையெல்லாம் சட்டம் போட்டுத் தீர்க்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு பெரிய கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரே கொடுமை ஆண்மீது விழுவதும் பெண்மீது விழுவதும் ஒரே மாதிரிதானா என்பது ஒன்று. மதச் சுதந்திரமும் பெண்ணுரிமையும் பகையாளிகளா என்பது மற்றொன்று. உங்களை உண்மையில் உறுத்துவது இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. ஆனால் முதலாவதைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. நான் மனித உரிமைச் சட்டம் கற்பிக்கிறவள்; இந்த வகை வழக்குகளின் தீர்ப்புகளையும் சாட்சியங்களையும் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். களத்தில் நின்று பார்த்தவள் அல்ல, தாளில் ஏறியதை மட்டுமே அறிந்தவள். தாளில் ஏறாதது எவ்வளவு என்பதுதான் இந்த விஷயத்தின் பெரிய சிக்கலே. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தன் மதத்துக்காக ஓர் ஆண் துன்புறுத்தப்பட்டால் பெரும்பாலும் அதற்கு ஒரு தடயம் இருக்கும். கைது செய்வார்கள், வழக்கு எண் இருக்கும், சிறைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், கொன்றுவிட்டால் பிணமாவது இருக்கும். பெண்ணுக்கு நடப்பதில் பெரும்பகுதி வீட்டுக்குள் நடக்கிறது, அல்லது திருமணம் என்ற பெயரில் நடக்கிறது. அதனால் அவள் கோப்பு வேறு அலமாரிக்குப் போய்விடுகிறது. காவல் நிலையத்தில் அது "காதல் விவகாரம்", நீதிமன்றத்தில் "குடும்ப வழக்கு", ஊரில் "ஓடிப்போனவள் கதை". மதச் சுதந்திர மீறல் என்ற அலமாரியைத் திறந்து எண்ணினால் ஆண்களே அதிகம் தெரிவார்கள். அதை வைத்து ஆண்களுக்கே பாதிப்பு அதிகம் என்று முடிவுகட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இந்துச் சிறுமிகளுக்கும், பஞ்சாபில் கிறிஸ்தவச் சிறுமிகளுக்கும் நேர்வதை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்குக் கதைகள் ஒன்றையொன்று நகலெடுத்தது போலவே இருக்கின்றன. பெண் காணாமல் போகிறாள். பெற்றோர் கடத்தல் புகார் கொடுக்கிறார்கள். சில நாட்களில் மதமாற்றச் சான்றிதழும் நிக்காஹ்நாமா எனப்படும் இஸ்லாமியத் திருமண ஒப்பந்தமும் வந்து சேர்கின்றன. நீதிமன்றத்தில் நிறுத்தினால், "என் விருப்பத்தோடுதான் வந்தேன்" என்கிறாள். திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது 18 என்று சிந்து மாகாணம் 2014-இல் சட்டம் இயற்றியது. ஆனால் ஏழைக் குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழே பலருக்கு இருப்பதில்லை. இருந்தாலும், பருவமடைந்தவள் என்பதால் திருமணம் செல்லும் என்று நீதிமன்றம் சொன்ன வழக்குகள் உண்டு. கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கும் மசோதாவை 2016-இல் சிந்து சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். 2021-இல் தேசிய அளவில் கொண்டுவரப்பட்ட வரைவை நாடாளுமன்றக் குழுவே நிராகரித்தது. ஒருமுறை மதம் மாறியவள் என்று பதிவாகிவிட்டால், பழைய மதத்துக்குத் திரும்புவது உயிரைப் பணயம் வைப்பதற்குச் சமம். கதவு உள்ளே தள்ளத் திறக்கும், வெளியே இழுக்கத் திறக்காது.

இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துவிடுகிறேன். இப்படி நடக்கிறது என்பதும், இலக்காகிறவர்கள் ஏழைச் சிறுபான்மைப் பெண்கள் என்பதும் உறுதி. "ஆண்டுக்கு ஆயிரம் பேர்" என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால், அது ஒரு மதிப்பீடு. எண்ணிப் பார்த்த கணக்கு அன்று. சுற்றிச் சுற்றி மேற்கோள் காட்டப்பட்டே அதற்கு உண்மையின் தோற்றம் வந்துவிட்டது. மேலும், அந்தப் பெண்களில் சிலர் உண்மையிலேயே விரும்பிப் போயிருக்கிறார்கள். எந்த வழக்கு எது என்று வெளியிலிருந்து சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. நான் பார்ப்பது வேறு. "விருப்பம்தான்" என்று அவள் சொன்னபோது அந்த அறையில் யார் யார் இருந்தார்கள்? அன்றிரவு அவள் எங்கே தூங்கினாள்? முந்தைய நாட்களில் தாயோடு தனியாகப் பேச விட்டார்களா? "இல்லை" என்று சொல்லியிருந்தால் அவள் போவதற்கு இடம் இருந்ததா? நீதிபதிகள் பலர் அவள் பதிலை மட்டுமே எழுதிக்கொள்கிறார்கள். அந்தப் பதில் பிறந்த சூழலை விசாரிப்பதில்லை.

ஏன் பெண்? பல சமூகங்களிலும் பல நாட்டுச் சட்டங்களிலும் குழந்தையின் மதம் தந்தை வழியே வருகிறது. ஒரு சமூகத்தின் ஆணைக் கொன்றால் ஓர் ஆள் குறைவான்; அதன் பெண்ணைத் தூக்கிச் சென்றால் அவளுக்குப் பிறக்கப்போகிறவர்களும் எதிர் அணியில் சேர்ந்துவிடுவார்கள். இந்தக் கணக்கை மிகக் கொடூரமாகப் போட்டுக் காட்டியது 2014 ஆகஸ்டில் இராக்கின் சிஞ்சார் பகுதியில் ஐ.எஸ். அமைப்பு. அங்கு வாழும் யாசிதி என்ற சிறுபான்மை மதத்தவரில் ஆண்களையும் வயதான பெண்களையும் கொன்று குழிகளில் தள்ளினார்கள். சிறுவர்களைப் போர்ப் பயிற்சி முகாம்களுக்கு அனுப்பினார்கள். பெண்களையும் சிறுமிகளையும் பங்கிட்டு விற்றார்கள். கடத்தப்பட்டோர் ஆறாயிரத்துக்கும் மேல். இது போர்க்களத்தின் வெறியில் நடந்த தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அடிமைப்படுத்தலுக்கு மத நியாயம் கற்பித்துத் தங்கள் ஏட்டிலேயே எழுதியவர்கள் அவர்கள். தப்பிவந்து இதை உலகுக்குச் சொன்ன நாதியா முராதுக்கு 2018-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

யாசிதிப் பெண்களின் கதை அதோடு முடிந்திருந்தால் இதை ஒரு பயங்கரவாத அமைப்பின் குற்றமாக மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பேன். தப்பி வந்த சிலருக்கு, அவர்களை அடிமைப்படுத்திய ஆண்களால் பிறந்த குழந்தைகள் இருந்தன. பெற்றோரில் ஒருவர் முஸ்லிம் என்றால் குழந்தையை முஸ்லிமாகவே பதிவுசெய்ய வேண்டும் என்பது இராக்கின் 2015-ஆம் ஆண்டு அடையாள அட்டைச் சட்டம். தாய், தந்தை இருவரும் யாசிதியாக இருந்தால்தான் பிள்ளை யாசிதி என்பது அந்தச் சமூகத்தின் மரபு. மீண்டு வந்த பெண்களை அவர்களுடைய மதத் தலைமை வரவேற்றது. பழைய வழக்கத்தை மீறிய அந்தத் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 2019-இல் குழந்தைகள் விஷயம் எழுந்தபோது, வல்லுறவில் பிறந்தவர்களை ஏற்க இயலாது என்று அதே தலைமை தெளிவுபடுத்தியது. ஊருக்குத் திரும்புவதா, பெற்ற பிள்ளையோடு இருப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்குத் தாய்மார்கள் தள்ளப்பட்டார்கள். ஐ.எஸ். செய்ததையும் இதையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு சிறு சமூகத்தின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்தத் தாய்க்கு, தன் நம்பிக்கையையும் தன் பிள்ளையையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் உரிமையை எதிரியும் தரவில்லை, அரசும் தரவில்லை, சொந்த மக்களும் தரவில்லை.

இந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னொன்று தெரியவரும். பெண்ணைத் தாக்குகிறவர்கள் மட்டுமல்ல, காப்பாற்றுகிறோம் என்று வருகிறவர்களும் அவள் மதத்தை அவளுடையதாக மதிப்பதில்லை. இந்தியாவில் 1967-இல் ஒடிசா கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டத்தைப் பாருங்கள். மதம் மாற்றப்பட்டவர் சிறுவராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவோ இருந்தால் தண்டனை இருமடங்கு. 2020-இல் உத்தரப் பிரதேசம் கொண்டுவந்த அவசரச் சட்டத்திலும் இதே சேர்க்கை: மற்றவர்களுக்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டு, இவர்களுக்கு இரண்டு முதல் பத்தாண்டு. சட்டம் எழுதியவரின் பார்வையில் நாற்பது வயதுப் பேராசிரியையும் பத்து வயதுச் சிறுமியும் ஒரே வரியில் நிற்கிறார்கள். கேரளத்தில் ஹாதியா வழக்கில் நடந்தது இதன் நீட்சிதான். இஸ்லாத்தைத் தழுவி, பிறகு முஸ்லிம் ஒருவரை மணந்த 24 வயது ஹோமியோபதி மாணவியின் திருமணத்தை, அவர் தந்தை தொடுத்த வழக்கில் 2017 மே மாதம் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் பெற்றோர் வீட்டிலேயே மாதக்கணக்கில் வைக்கப்பட்டார். 2018 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. சிந்துவில் சிறுமி சொல்லும் "விருப்பம்" கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. இங்கே வயதுவந்த பெண் திரும்பத் திரும்பச் சொன்ன விருப்பம் நம்பப்படவில்லை. இரண்டும் எதிரெதிர் என்று முதலில் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இரண்டு இடத்திலும், அவள் எந்தப் பக்கம் சேர்ந்தவள் என்பதை ஆண்கள் தங்களுக்குள் தீர்மானித்துக்கொள்கிறார்கள்.

குடும்பச் சட்டத்தில் இது இன்னும் அமைதியாக நடக்கும். சூடானில் 2014-இல் மரியம் இப்ராகிம் என்ற பெண்ணுக்கு மதத்தைத் துறந்த குற்றத்துக்காக மரண தண்டனை விதித்தார்கள். அவர் கிறிஸ்தவத் தாயால் கிறிஸ்தவராகவே வளர்க்கப்பட்டவர். ஆனால் தந்தை முஸ்லிம் என்பதால் சட்டத்தின் கண்ணில் அவரும் முஸ்லிம். அதனால் கிறிஸ்தவக் கணவருடன் நடந்த திருமணம் செல்லாது. திருமணம் செல்லாததால் அது முறைதவறிய உறவு, அதற்கு நூறு கசையடி தனி. ஓர் ஆண் இதே நிலையில் இருந்திருந்தால் முதல் குற்றச்சாட்டு வந்திருக்கலாம். கிறிஸ்தவப் பெண்ணை மணக்க முஸ்லிம் ஆணுக்கு அனுமதி உண்டு என்பதால் இரண்டாவது வந்திருக்காது. சிறையிலேயே பிரசவித்த அவர் உலக அழுத்தத்தால் விடுதலையானார்; 2020-இல் சூடான் மதத் துறவுக்கான மரண தண்டனையையும் நீக்கியது. மலேசியாவில் இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய லீனா ஜாய், அடையாள அட்டையில் "இஸ்லாம்" என்ற சொல்லை நீக்கக் கேட்டு, நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம்வரை போய் 2007-இல் தோற்றார். அந்த ஒரு சொல் இருக்கும்வரை, விரும்பிய கிறிஸ்தவரை அவரால் மணக்க முடியாது. குஜராத்தில் குல்ரோக் குப்தா என்ற பார்சிப் பெண், சிறப்புத் திருமணச் சட்டப்படி இந்து ஒருவரை மணந்தார். மதம் மாறவே இல்லை. ஆயினும் திருமணத்தால் அவர் மதம் கணவரின் மதத்தில் கரைந்துவிட்டது என்ற பொருளில் 2012-இல் குஜராத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோரின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளும் அனுமதிக்காக அவர் உச்ச நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. யாரும் அடிக்கவில்லை, கடத்தவில்லை. ஒரு பெண்ணின் நம்பிக்கையை ஒரு வாக்கியத்தில் துடைத்துவிட முடிந்தது.

உடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்களே கேட்பீர்கள். இரானில் 1936-இல் ரெசா ஷா முக்காட்டைத் தடை செய்தார். காவலர்கள் தெருவில் பெண்களின் தலைத்துணியைப் பிடுங்கினார்கள். அவமானத்துக்கு அஞ்சிப் பல பெண்கள் வீட்டைவிட்டே வெளியே வரவில்லை. 1979 புரட்சிக்குப் பிறகு, முக்காடு இல்லாமல் வருவது 1983-இல் தண்டனைக்குரிய குற்றமானது. 2022 செப்டம்பரில் மாசா அமீனி ஒழுக்கக் காவலர்களின் பிடியில் இருந்தபோது நினைவிழந்து இறந்தார். பாட்டி அந்தச் சட்டத்துக்கும் பேத்தி இந்தச் சட்டத்துக்கும் பயந்த குடும்பங்கள் அந்த நாட்டில் இருக்கும். ஐரோப்பாவில் முகத்தை மூடும் உடைக்குப் பிரான்ஸ் 2010-இல் தடை விதித்தது. அது சரியா என்பதில் உலக அமைப்புகளுக்கே ஒத்த கருத்து இல்லை: 2014-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மீறல் இல்லை என்றது, 2018-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு மீறல் என்றது. என் சாய்வு பின்னதன் பக்கம். வீட்டில் கட்டாயப்படுத்தப்படும் பெண்ணுக்கு, தெருவில் அபராதம் போடுவது எப்படி உதவும் என்று எனக்கு இன்னும் யாரும் விளக்கவில்லை. இரானையும் பிரான்ஸையும் சமமாக்குகிறேன் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். கசையடியும் அபராதமும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும்.

இப்போது உங்களை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். பெண்ணை அடக்க மதம் பயன்படுத்தப்படுவது உண்மை; அதை மறுக்கிற பேச்சுக்கே இடமில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் 1979-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகள் பல, திருமணம் பற்றிய 16-ஆம் பிரிவுக்கு வந்ததும் மதத்தைக் காரணம் காட்டி விலக்குக் கேட்டன. ஆனால் 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆம் பிரிவு மதங்களுக்கு உரிமை தரவில்லை. நம்புகிற, மாற்றிக்கொள்கிற, நம்ப மறுக்கிற ஆளுக்குத் தருகிறது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2000-இல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னது: ஒரு பெண் தன் மதத்தைத் தேர்ந்தெடுக்க, தந்தை, கணவர், சகோதரர் என யாருடைய அனுமதியும் தேவை என்று விதிக்கக் கூடாது; பெண்ணைப் பாகுபடுத்த மதச் சுதந்திரத்தைக் காரணமாகக் காட்டவும் முடியாது. சட்டத்தின் சொற்களில் பகை இல்லை. பகை வருவது, சமூகத்தின் தலைவர்களைக் கூப்பிட்டு "உங்கள் மதம் என்ன சொல்கிறது?" என்று அரசுகள் கேட்கும்போது. பதில் சொல்ல வருபவர்களில் பெண்கள் இருப்பதில்லை.

ஆப்கானிஸ்தானில் 2021-இல் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளியும் 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டதை மதத்துக்கும் பெண்ணுக்கும் நடக்கும் சண்டையாகவே பலர் எழுதுகிறார்கள். அந்தத் தடை ஷரியா என்னும் இஸ்லாமியச் சட்டத்துக்கே முரண் என்று, கெய்ரோவின் புகழ்பெற்ற இஸ்லாமியக் கல்வி நிறுவனமான அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அப்போதே சொன்னார். தன் மதத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ள விரும்பும் ஆப்கன் முஸ்லிம் பெண்ணின் மதச் சுதந்திரம்தான் அங்கே முதலில் பறிபோனது. அந்த வகையில் அவளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சொந்த மதத்துக்குள் மாற்றுக் கருத்து வைத்திருப்பவளும் மதச் சுதந்திரம் இழந்தவள்தான். இரானின் ஷிராஸ் நகரில் 1983 ஜூன் 18 அன்று தூக்கிலிடப்பட்ட, பஹாய் என்ற சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த பத்துப் பெண்களை நினைத்துப் பாருங்கள். இளையவருக்கு 17 வயது. நம்பிக்கையைக் கைவிடுகிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார்கள். மதம் என்றாலே பெண்ணுக்குப் பூட்டப்பட்ட விலங்கு என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா?

இதிலும் எனக்குத் தெளிவில்லாத இடம் உண்டு. வழிபாட்டுத் தலத்தின் உள் விதிகள் பெண்ணை ஒதுக்கும்போது நீதிமன்றம் நுழையலாமா? சபரிமலை வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள், நீதிமன்றம் தலையிடலாம் என்றார்கள். எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி இந்து மல்ஹோத்ரா, அமர்வில் இருந்த ஒரே பெண். பக்தைகளிலும் பெரும் எண்ணிக்கையினர் அவர் பக்கம் நின்றார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று தள்ளிவிட்டால், ஹாதியாவை நம்பாத நீதிபதிகளின் வேலையை நானும் செய்தவளாகிவிடுவேன். சமூகமே தீர்மானிக்கட்டும் என்று சொன்னால், அந்தச் சமூகத்தில் பெண்ணுக்கு வாக்கு உண்டா என்ற கேள்வி வந்து நிற்கிறது. இதற்குமேல் என்னிடம் பதில் இல்லை.

சட்டத்தால் தீருமா என்றும் கேட்டிருந்தீர்கள். சிறிது தீரும். முஸ்லிம் பெண்கள் பிற மதத்தவரை மணக்கத் தடையாக இருந்த 1973-ஆம் ஆண்டு சுற்றறிக்கையைத் துனிசியா 2017-இல் ரத்து செய்தது; ஒரு தாளைக் கிழித்ததில் எத்தனையோ பேரின் திருமணம் சட்டப்படி சாத்தியமானது. 2021 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நீதிமன்றம், யாசிதிச் சிறுமியொருத்தியை வெயிலில் சங்கிலியால் கட்டிவைத்துச் சாகவிட்ட ஐ.எஸ். உறுப்பினனை இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. யாசிதி மக்களுக்கு இழைக்கப்பட்டதை இனப்படுகொலை என்று ஒரு நீதிமன்றம் தண்டித்தது அதுவே முதல் முறை. ஆனால் மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்த மழலையர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் வழக்கைப் படித்த பிறகு, தீர்ப்பு என்ற சொல்லை நான் சற்றுத் தயங்கியே உச்சரிக்கிறேன். 2009-இல் அவர் கணவர் இஸ்லாத்துக்கு மாறி, மனைவிக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றியதாகச் சான்றிதழ் வாங்கினார். பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டும் போய்விட்டார். பிள்ளைகள் தந்தையிடம் என்றது ஷரியா நீதிமன்றம், தாயிடம் என்றது சிவில் நீதிமன்றம். 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாக, பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையை மதம் மாற்றியது செல்லாது என்றது. சட்டப் புத்தகங்களில் அது பெரிய வெற்றி. நானும் வகுப்பில் அப்படித்தான் நடத்துகிறேன். தீர்ப்பு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்தக் கடைசி மகளைத் தாயிடம் யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை.